வீட்டுக்கு ஒரு தேங்காய்

"ஆறு மாசம்தான் அகல்யா. ஃபேக்டரியில புது லைன் ஓட ஆரம்பிச்சதும் வந்துடுவேன்."

"ஆறு மாசம்னா ஆறு மாசங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா வாங்கன்னு நான் கூப்பிட மாட்டேன். பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது."

"அரே, நீ கூப்பிடவே வேண்டாம். நானே ஓடி வந்துடுவேன். உன் ரசத்தை விட்டுட்டு மெஸ் சாப்பாட்டை யாரு சாப்பிடறது?"

நான்கு வருடங்களுக்கு முன் ஹடப்சர் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இது. அகல்யா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். அவள் துடைத்த இடத்திலேயே ஈர டம்ளரை வைத்துக்கொண்டே ஜெகதீசன் பதில் சொன்னான். அப்போதெல்லாம் அவன் எதையும் கண்ட இடத்தில் வைப்பான், அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான்.

இப்போது காரை ஓட்டிக்கொண்டிருந்தவன், "ஏசியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா? உனக்கு ஓகேயா?" என்று கேட்டான்.

"பரவாயில்லைங்க, உங்களுக்கு எப்படி வேணுமோ வெச்சுக்குங்க," என்றாள் அவள்.

பின்சீட்டில் ஏழு வயது மீனு வாயைத் திறந்தபடி தூங்கினாள். தாம்ஹிணி மலைப்பாதையில் மழை விட்டிருந்தது. மண் சரிந்து வழி அடைத்திருக்குமோ என்று கிளம்பும்போது பயந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மீனு வாந்தி எடுப்பாள் என்று மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகளுக்கும் வேலை வரவில்லை. மூன்று நாள் லீவு நல்லபடியாகவே தொடங்கியிருந்தது.

ஜெகதீசன் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பொறுப்பாளன். அகல்யாவுக்கு மகர்பட்டாவில் சாப்ட்வேர் வேலை. இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் நகர் ரோட்டில், வாகோலியில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். மெஷின் நின்றால் இரவு பகல் பார்க்காமல் அவன் அங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே ரூம் எடுத்தான். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று, பிறகு பதவி உயர்வு வந்தது, பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி வருவான், திங்கள் விடியும் முன் போய்விடுவான். வந்த இடத்தில் தன் தட்டைத் தானே கழுவி வைப்பான். படுத்த போர்வையை நான்காக மடிப்பான். நல்ல விருந்தாளி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவனைத் தினமும் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அது தொண்டை வரை வந்து நின்றிருக்கிறது. கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள் அவள்தான். அது வெறும் வீம்பு என்றால் எப்போதோ விட்டிருப்பாள். கேட்டு, அவன் முகம் சுருங்கி, 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மாண்காவில் வடாபாவ் சாப்பிட நிறுத்தியபோது அவன் விஷயத்தைச் சொன்னான். கம்பெனி குஜராத்தில் புது பிளான்ட் திறக்கிறது. அவனை மூன்று வருடத்துக்கு அங்கே போகச் சொல்கிறார்கள்.

"திங்கட்கிழமை பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?"

பச்சை மிளகாயைக் கடித்துவிட்டவள் போல அவள் கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, கையில் நிஜமாகவே பச்சை மிளகாய் இருந்தது.

"உங்க இஷ்டங்க," என்றாள்.

"நினைச்சேன்," என்றான் அவன். டீ கிளாஸைக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

தாபோலியைத் தாண்டியதும் பாதை கீழே இறங்கியது. செம்பாறைக் கல் சுவர்கள், பாக்குத் தோப்புகள், ஓட்டு வீடுகள். கடைசியில் சேறு கலந்த பழுப்பு நிறத்தில் கடல். தங்கும் வீட்டுக்காரம்மா வைஷாலி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், நடுவில் தூக்கிச் செருகிய சேலை. எல்லோரும் அவளை வைஷாலி தாயி என்றார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அவள் நோட்டைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ஜெகதீசன், ஒரு ஆள், கிணற்றுப் பக்கம் ரூம். அகல்யா மேடம், ஒரு பெரியவர் ஒரு குழந்தை, மாடியேறும் பக்கம் ரூம். நீங்கள் தெரிந்தவர்களா? ஒரே வண்டியில் வந்திருக்கிறீர்களே," என்று மராத்தியில் கேட்டாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க புக் பண்ணீங்களா?" என்றாள் அகல்யா.

"நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"போன சண்டே. நீ மிக்ஸி ஓட்டிக்கிட்டிருந்த."

"மிக்ஸி ஓடறப்ப சொன்னா சொன்னதாகுமா? நான் புதன்கிழமையே போட்டுட்டேன். எல்லாத்தையும் நான்தானே போடறேன்னு போட்டுட்டேன்."

"அதுல என் பேரைக் காணோமே. ஒரு பெரியவர் ஒரு குழந்தையாம்."

ஸ்கூல் ஃபார்ம், காஸ் புக்கிங், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று எல்லாவற்றிலும் தன் பேரையும் மீனு பேரையும் மட்டும் போட்டுப் பழகிய அவள் கை, இதிலும் அப்படியே போட்டிருந்தது. அவன் கையும்தான், ஒரு ஆள் என்று போட்டிருந்தது. அதைச் சொல்லிக்காட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு இங்கேயும் தனி ரூமா?" என்று மீனு கொட்டாவி விட்டபடி கேட்டாள். பிறகு வைஷாலியிடம் திரும்பி, ஸ்கூலில் கற்ற சுத்தமான மராத்தியில், "இவர் என் பப்பா. ரஞ்சன்காவில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார்," என்று விளக்கினாள்.

வைஷாலி, "அப்படியா," என்றாள். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு என்னென்ன புரிந்ததோ தெரியவில்லை. இரண்டு சாவிகளையும் நீட்டினாள்.

"இருக்கட்டும், ரெண்டும் இருக்கட்டும். நான் காலைல சீக்கிரம் எந்திரிப்பேன். உங்களுக்கு டிஸ்டர்ப் ஆகும்," என்று ஜெகதீசன் கிணற்றுப் பக்கத்துச் சாவியை எடுத்துக்கொண்டான்.

அகல்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். டிஸ்டர்ப் ஆகட்டுமே என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அடுத்த ஏமாற்றம் சாப்பாட்டில் வந்தது. மீன் வறுவலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் அரிசி மாவு ரொட்டியான பாக்ரியும், மொச்சை போல ஒரு பயற்றுக் குழம்பும், கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த ரோஜா நிறத்து ஸோல்கடியும் வந்தன.

"மீன்?" என்றான் ஜெகதீசன்.

"ஷ்ராவண மாசமில்லையா?" என்றாள் வைஷாலி, குழந்தையிடம் சொல்வது போல. "இந்த வீட்டில் மீன் ஏறாது. அதோடு நாளைதான் நாரளி பௌர்ணமி. கடலுக்குத் தேங்காய் போட்ட பிறகுதான் எங்கள் ஊர்ப் படகே இறங்கும்."

அவள் உள்ளே போனதும் அகல்யா மெதுவாகக் கேட்டாள். "ஆடி முடிஞ்சு பத்து நாளாச்சு, மீன் கிடைக்கும்னு நான் காலண்டரைப் பார்த்துட்டுச் சொன்னேன். நான் கோயமுத்தூர்க்காரி, எனக்கு இவங்க மாசம் தெரியாது. நீங்க இங்கேயே கட்கியில பொறந்து வளர்ந்தவங்கதானே?"

"எங்க வீட்ல ஆடியும் கிடையாது, ஷ்ராவணும் கிடையாது. அப்பாவுக்கு ஆர்டினன்ஸ் ஃபேக்டரி லீவு விட்டா மட்டன், அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஸோல்கடியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் ரோஜா நிற மீசையோடு இன்னொன்று கேட்டான். மீனு அதைப் பார்த்துத் தானும் ஒரு மீசை வரைந்துகொண்டாள். அந்த அரை மணி நேரம் குஜராத் என்ற ஒன்று இந்தியாவிலேயே இல்லாதது போலிருந்தது.

சனிக்கிழமை முழுவதும் மழை விட்டு விட்டுப் பெய்தது. காயப்போட்ட துணி ஒன்றும் காயவில்லை. குளியலறையில் ஒரு நண்டு குடியிருந்தது. அதை ஜெகதீசன் வாளியில் பிடித்துத் தோப்பில் கொண்டுபோய் விட்டான். ஒரு மணி நேரத்தில் அது, அல்லது அதன் சொந்தக்காரர், திரும்பி வந்தது. மின்சாரம் போனது, வந்தது, போனது. சிக்னல் மட்டும் வரவேயில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் போனால்தான் இரண்டு கோடு கிடைக்கும் என்றார்கள். அதுவே அகல்யாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் சர்க்கரைப் பொங்கலுக்குத் தூரத்து உறவு போல, வெல்லமும் கிராம்பும் தேங்காய்த் துருவலும் போட்ட சாதம். நாரளி பாத் என்றார்கள். சாயங்காலம் ஊரே கடற்கரைக்குக் கிளம்பியது. வைஷாலி கூடத்தில் தேங்காய்களை வரிசையாக வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையில் ஒன்றைக் கொடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், நிறுத்தினாள்.

"இது ரூம் கணக்கில்லை, வீட்டுக்கு ஒன்று. நீங்கள் ஒரு வீடா, இரண்டு வீடா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. கணக்குத் தெரியாமல்தான் கேட்டாள்.

மீனு முந்திக்கொண்டாள். "வீக்டேஸ்ல ரெண்டு. சண்டேல ஒண்ணு. இன்னிக்கு சனிக்கிழமை, அதனால..." என்று விரலை மடித்துப் பார்த்து, "தெரியலை," என்றாள்.

ஜெகதீசன் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்ணு போதும், தாயி," என்று அவன்தான் சொன்னான்.

கொட்டு முழங்க, தங்க நிறக் காகிதம் சுற்றிய பெரிய தேங்காய் ஒன்றை முன்னால் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. புது பெயின்ட் அடித்த படகுகள் கொடி கட்டிக்கொண்டு மணலில் காத்திருந்தன. பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது ஜெகதீசனின் ஃபோனுக்கு உயிர் வந்தது. பையில் தொடர்ந்து நாலைந்து தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது.

"பிளான்ட். கம்ப்ரஸர் ட்ரிப் ஆகி நின்னு போயிருக்கு. நீங்க போங்க, நான் பேசிட்டு வர்றேன்."

கடலோரத்தில் எவ்வளவோ நேரம் காத்திருந்தார்கள். அலை பெரிதாகிக்கொண்டு வந்தது. எல்லோரும் போட்டு முடித்தபின், அகல்யாவும் மீனுவும் மட்டும் அந்தத் தேங்காயைத் தண்ணீரில் விட்டார்கள். அவன் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

"ஸாரி. பெரிய பிரச்சினை போல. காலைல பார்க்கணும்," என்றான்.

காலையில் பார்க்கணும் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. இதற்கு முன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறாள். மீனுவின் பிறந்தநாளன்று கேக்கில் கத்தி வைத்த நேரத்தில் ஃபோன் வந்தது. அவன் காரை இவர்களுக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் போவான். அதிலும் பிறருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டான். இரவு அவன் கிணற்றுப் பக்கத்துக்கும், இவர்கள் மாடியேறும் பக்கத்துக்கும் போனார்கள். "குட் நைட்," என்றான். அவளும், "குட் நைட்டுங்க," என்றாள்.

ஞாயிறு காலை அகல்யா குளித்துவிட்டு வரும்போது மணி ஏழை நெருங்கியிருந்தது. மீனு படுக்கையில் இல்லை. வைஷாலியின் அடுப்பங்கரையில் நேற்று மாதிரி தேங்காய் துருவப் போயிருப்பாள். அகல்யா தலையைத் துவட்டியபடி கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் போர்வை நான்காக மடிந்திருந்தது. பை இல்லை, செருப்பு இல்லை. வைஷாலி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர்..." என்றாள் அகல்யா.

"காலி செய்துவிட்டாரே. ஆறு மணிக்கே சாவி கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன், ஒரு தூசி கூட..."

அதற்கு மேல் அகல்யா நிற்கவில்லை. காலில் செருப்பு மாட்டினாளா என்றுகூட நினைவில்லை. ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு, செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடினாள். ஓடும்போதே கோபமாக வந்தது. அவன் மேலில்லை, தன் மேல். நான்கு வருடமாகக் கேட்காமல் என்ன சாதித்தாள்? அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்று பயந்தாள். கேட்காமலே இருந்ததால் இல்லை என்பதுதானே தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஏழு மணி பஸ்ஸில் ஏறி அவன் போய்விட்டால், நாளை ரஞ்சன்காவிலிருந்தே பதில் அனுப்பிவிடுவான். பிறகு மூன்று வருடம்.

சிவப்பு நிற அரசாங்க எஸ்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றிருந்தது. அவள் ஏறினாள். முதல் சீட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூடையோடு இரண்டு மீனவப் பெண்கள், வெள்ளைக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், யூனிஃபார்ம் போட்ட நர்ஸ், தூங்கும் ஒருவர். தூங்குகிறவரின் முகத்தை மூடியிருந்த துண்டைக் கூட விலக்கப் போய்விட்டாள். நல்லவேளை, அதன் கீழே நரைத்த தாடி தெரிந்தது.

"எங்கே போகணும் தாயி?" என்றார் கண்டக்டர்.

"எங்கேயும் இல்லை," என்று அவள் இறங்கினாள். பஸ் போயிற்று. இதற்கு முந்தின பஸ் ஆறே காலுக்கே போய்விட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

திரும்பி வரக் கடற்கரை வழிதான் கிட்டம். மணலில் இறங்கினாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. படகுகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. எல்லாம் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விட்டன. கடைசியாக ஒன்றை மட்டும் பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேரில் ஒருவன் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டி, சட்டை முதுகோடு ஒட்ட, மற்றவர்கள் தள்ளும் தாளத்துக்கு அரை விநாடி தாமதமாகத் தள்ளினான். பக்கத்தில் மீனு அவனுடைய செருப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, "ஜோர் லகாவ், அப்பா, நல்லா தள்ளுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அகல்யாவின் கால் அப்படியே நின்றது. பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

படகு தண்ணீரில் இறங்கியது. அவன் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அரே, என்னாச்சு? தலை துவட்டலையா? இப்படி உட்கார்ந்திருக்க?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேங்க."

"எதுக்கு?"

"உங்களைத் தேடி. ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு..."

"சாத்தாராவுல இருந்து ஒரு ஃபேமிலி நேத்து ராத்திரி வண்டி ரிப்பேராகி வந்து, ரூம் இல்லாம தாயியோட கூடத்துப் பெஞ்சுலயே படுத்திருந்தாங்க. குழந்தை வேற. நமக்கு எதுக்கு ரெண்டு ரூம்? காலைல எந்திரிச்சதும் தாயிகிட்ட சாவியைக் கொடுத்துட்டேன். அப்புறம் பையை உன் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சுட்டு மீனுவைக் கூட்டிட்டு வந்தேன். நீ பாத்ரூம்ல இருந்த."

"கம்ப்ரஸர்?"

"அங்க டூட்டியில இருக்கற ஷிண்டே பார்த்துக்கறான். நேத்து ஒரு மணி நேரம் ஃபோன்லயே எல்லாம் சொல்லிட்டேன். காலைல பஸ் ஸ்டாப் போய் போன் பண்ணிப் பார்த்தேன், ஓடுதாம்." அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈர பேன்ட்டில் மணல் ஒட்டியது. மீனு கொஞ்சம் தள்ளிக் கிளிஞ்சல் பொறுக்கப் போனாள். "நான் உன்கிட்ட சொல்லாம எப்படிப் போவேன்?"

"எப்பவும் போறீங்களே. தூங்கறவளை எழுப்பக் கூடாதுன்னு."

அவன் பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"உண்மையைச் சொல்லவா? அந்த வீடு நான் இல்லாம ரொம்ப நல்லா ஓடுது அகல்யா. எது எங்க இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்து டம்ளரை மாத்தி வெச்சுட்டா நீ சத்தமில்லாம எடுத்து வைக்கிற. முன்னாடி திட்டுவ. இப்ப திட்டறதில்லை. அப்ப சரி, நாம தொந்தரவு கொடுக்காம இருப்போம்னு..." தோளைக் குலுக்கினான். "குஜராத்துக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். நீ இன்னும் ஒண்ணும் சொல்லலை."

உங்க இஷ்டம் என்ற இரண்டு சொற்கள் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்தன. அவள் அவற்றை விழுங்கினாள். திட்டினால் வராமல் போய்விடுவானோ என்று இவள் திட்டவில்லை, திட்டவில்லையே என்று அவன் ஒதுங்கியிருக்கிறான். இவ்வளவுதானா? நான்கு வருடம் இதற்குத்தானா?

அவள் அவன் பக்கம் முழுவதும் திரும்பி உட்கார்ந்தாள்.

"குஜராத் வேண்டாங்க. ரஞ்சன்காவ் ரூமையும் விட்டுடுங்க. வாகோலிப் பக்கம் வீடு பார்க்கலாம், உங்களுக்கும் பாதி வழி, எனக்கும் பாதி வழி. நடு ராத்திரி ஆனாலும் சரி, நான் தூங்கிட்டிருந்தா எழுப்புங்க. தினமும் வீட்டுக்கு வந்துடுங்க."